மஞ்சப் போயா

இப்படி வந்து உக்காருங்கம்மா. அந்தச் சீட்டுல உக்காந்தீங்கன்னா ஜன்னல் கண்ணாடி ஆடி ஆடி முழங்கைய இடிக்கும். வாரத்துல ரெண்டு நாளு நான் இந்த வண்டியிலதான் போறேன் வர்றேன், எந்தச் சீட்டு நல்ல சீட்டுன்னு டிரைவர விட எனக்குத்தான் தெரியும். பைய மேல வெக்காதீங்க, மடியிலயே வெச்சுக்குங்க. மேல வெச்சா இந்த ரோட்டுக்கு அது ஒங்க தலையிலதான் எறங்கும்.

எங்க போவணும்? ஆலமுத்துக்குப்பமா. அட, எங்க ஊருதான். ஊருக்குள்ள எங்க? தகவல் மையமா. அது எங்க வீட்டுலேர்ந்து நாலாவது கட்டடம். அங்க யாரப் பாக்கணும்? பூங்கோதையவா.

பூங்கோதை எந்தம்பி பொண்டாட்டிம்மா. கூடப் பொறந்த தம்பி. நான் மூத்தவன், வைரக்கண்ணுன்னு பேரு. நல்லதாப் போச்சு, வழி கேக்க வேணாம், எங்கூடவே எறங்கிருங்க.

அது என்ன சுருட்டி வெச்சிருக்கீங்க, போஸ்டரா? செத்த காட்டுங்க. ம். மஞ்சளா என்னமோ உருண்டையா போட்டிருக்கு, மேல கம்பி, கம்பி மேல கிண்ணம். இல்லம்மா, நான் இதப் பாத்ததில்ல. முப்பத்தெட்டு வருசமா கடலுக்குப் போறேன், பாத்ததில்ல. சுருட்டி வெச்சுக்குங்க, காத்துல கிழிஞ்சிரப் போவுது.

அப்ப நீங்க வானிலை ஆபீஸா? இல்லையா. கடல்ல மிதவை போடுற ஆபீஸு வேற, வானிலை சொல்ற ஆபீஸு வேறயா. சரி. நீங்க போடுவீங்க, அதுலேர்ந்து வர்ற கணக்கப் பாத்து அவுங்க சொல்லுவாங்க. இருக்கட்டும்மா, எங்களுக்கு எல்லாம் ஒரே ஆபீஸுதான். கோவிச்சுக்காதீங்க, ஒங்களப் பாத்தா எனக்குக் கேக்க வேண்டியது நெறய இருக்கு. பதினோரு மாசமா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம வெச்சிருக்கேன். எறங்க இன்னும் முக்கா மணி நேரம் ஆவும். நடுவுல ரயில்வே கேட்டு வேற இருக்கு.

எந்தம்பி போயி பதினோரு மாசம் ஆவுது. இளஞ்செழியன்னு பேரு. எங்கப்பா கட்சிக்காரரு, எனக்குச் சாமி பேரு வெச்சிட்டாங்கன்னு ஆத்தா கூடச் சண்ட போட்டு அவனுக்கு அப்பிடி வெச்சாரு. செழியன்னுதான் கூப்புடுவோம். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அவனுக்கு நீச்சலு, தூண்டி கட்டறது, எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. அண்ணன் சொல்லத் தட்ட மாட்டான். அதான் அவங்கிட்ட நல்ல கொணம். அது நல்ல கொணமான்னு இப்ப ரோசனையா இருக்கு, அத விடுங்க.

அவன் போனது ஒங்க ஆபீஸு காயிதத்த நம்பித்தான். இல்ல, அந்த இன்னொரு ஆபீஸு.

நீங்க எங்க ஊருக்கு வந்ததில்ல, அதனால சொல்றேன். காலையில ஆறு மணின்னா தகவல் மையத்துல ஸ்பீக்கரு போடுவாங்க. மொதல்ல ஒரு பாட்டு, அப்பறம் கோதை கொரலு. "மீனவர்களின் கவனத்திற்கு"ன்னு ஆரம்பிப்பா. அலை எத்தன அடி, காத்து எந்தப் பக்கம், எத்தன கிலோமீட்டரு, எல்லாம் படிப்பா. பன்னெண்டு வரைக்கும் படிச்ச புள்ள. மெட்ராஸு போயி ஒரு வாரம் பயிற்சி எடுத்துட்டு வந்தவ. டீக்கடையில கெளாஸக் கையில வெச்சுக்கிட்டு அப்பிடியே நிப்பாங்க. எங்க ஊருப் பஞ்சாயத்துலகூட எல்லாரும் ஒரே நேரத்துல வாய மூடி நான் பாத்ததில்ல, அவ படிக்கிற அந்த அஞ்சு நிமிசந்தான். எந்தம்பிக்கு அதுல கொஞ்சம் பெரும. படிச்சு முடிச்சதும், "எங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க, கெளம்புங்க"ன்னு கிண்டல் பண்ணுவான்.

போன டிசம்பரு பதினொண்ணாந்தேதி கோதை என்ன படிச்சான்னு எனக்கு மனப்பாடமாத் தெரியும். எங்க ஊருல எல்லாத்துக்கும் தெரியும். தென்கிழக்கு வங்கக்கடல்ல காத்தழுத்தத் தாழ்வு. அது வடமேற்கா நகந்து பதினாலாந்தேதி வாக்குல வட கடலோரத்த நெருங்கலாம். நம்ம பக்கத்துக் கடலுக்குப் பதிமூணாந்தேதி சாயந்தரத்துலேர்ந்து யாரும் போவ வேணாம். ஏற்கனவே போனவங்க அதுக்குள்ள திரும்பிரணும். அவ்வளவுதான்.

அப்ப என்ன அர்த்தம்? இன்னும் ரெண்டு முழு நாளு இருக்குன்னு அர்த்தம். நீங்களே சொல்லுங்க, வேற என்ன அர்த்தம். அறுவது மைலு போயி, ஒரு ராத்திரி வலயப் போட்டுட்டு, பதிமூணு மத்தியானம் கரைக்கு வந்துரலாம். அப்பிடித்தான் ஏழு படகு கெளம்புச்சு. செழியன் போன படகுல அஞ்சு பேரு.

பன்னெண்டாந்தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கே வந்துருச்சும்மா. தாழ்வாவா வந்துச்சு, புயலா வந்துச்சு. வடக்கயும் போவல, நேரா மேக்க திரும்பி எங்க தலமேல வந்துச்சு. புயலுக்குப் பேரு வைக்க ஒங்ககிட்ட ஒரு லிஸ்ட்டே இருக்காம், அடுத்த அஞ்சு வருசத்துக்கு வர்ற புயலுக்கெல்லாம் இப்பவே பேரு ரெடியாம். பேரு இருக்கு, வர்ற நேரந்தான் இல்ல.

மாத்தி அனுப்பலன்னு நான் சொல்லல. பன்னெண்டு காலையில ஒம்போது மணிக்கு மாத்தி அனுப்பினாங்க. கோதை அதப் பாத்துட்டு ஓடியாந்து ஸ்பீக்கர்ல கத்துனா. கரையில இருக்கறவனுக்குக் கேட்டுச்சு. அறுவது மைலுக்கு அந்தாண்ட இருக்கறவனுக்கு எங்க கேக்கும்? செல்போனு அதுல பாதி தூரம்கூட எடுக்காது. நாங்க வயர்லெஸ்ஸுல மாறி மாறிக் கூப்புடுறோம், கொர்ருன்னு சத்தந்தான் வருது. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சுன்னா, மொட்ட மாடியில ஏறி, ஊரப் பாத்து இருந்த ஸ்பீக்கரு கொழாயக் கடலப் பாத்துத் திருப்பி வெச்சிட்டு வந்து மறுபடி படிச்சா. திருப்பித் திருப்பிப் படிச்சா, கரண்ட்டு போற வரைக்கும் படிச்சா. ஊரே கீழ நிக்கிது. ஒருத்தரும் வேணாம்னு சொல்லல.

ஏழு படகுல அஞ்சு எப்பிடியோ வந்து சேந்துச்சு. ஒண்ணு காரைக்கால் பக்கம் மணல்ல ஏறிருச்சு, ஆளுங்க பொழச்சாங்க. செழியன் போன படகு வரல. அதுலேர்ந்து ரெண்டு பேரு மூணாம் நாளு ஐஸ்பெட்டி மூடியப் புடிச்சுக்கிட்டு மெதந்தாங்க, கப்பல்காரங்க தூக்குனாங்க. மூணு பேரு இல்ல. செழியன் இல்ல.

நாங்க என்ன செய்ய முடியும்? கலெக்டரு ஆபீஸுல போயி நின்னோம். போட்டோ கேட்டாங்க, குடுத்தோம். ரேஷன் கார்டு கேட்டாங்க, குடுத்தோம். ஹெலிகாப்டரு போயிருக்குன்னாங்க, வானத்தப் பாத்துக்கிட்டு நின்னோம். எட்டு நாளு கழிச்சுத் தேடுறத நிறுத்திட்டோம்னு ஒரு ஆபீஸரு வந்து நல்லவிதமாத்தான் சொன்னாரு, அவரு கண்ணுலயும் தண்ணி. காணாமப் போனவங்க லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல எந்தம்பி மூணாவது. உடம்பு கெடைக்கலன்னா ஏழு வருசம் அந்த லிஸ்ட்டுலதான் இருக்கணுமாம். கோதை இன்னும் பொட்டு வெச்சிருக்கா. எடுக்கச் சொல்ல எங்க வீட்டுல யாருக்கும் தைரியம் இல்ல.

கேட்டு போட்டுட்டான் பாருங்க. சொன்னேன்ல.

நான் கேக்க வந்தது அதில்ல. அந்தப் புள்ளயப் பத்தி. அவ என்ன நெனக்கிறா தெரியுமா? தப்பு தன்னோடதுன்னு நெனக்கிறா. பதினொண்ணாந்தேதிக் காயிதத்த பிளாஸ்டிக் கவருல போட்டு வெச்சிருக்கா. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அத நீட்டி, "நான் இதத்தானே படிச்சேன்? ஒரு வரி விட்டுட்டேனா? பன்னெண்டுன்னு இருந்தத பதிமூணுன்னு படிச்சிட்டேனா?"ன்னு கேக்குறா. காயிதத்துல பதிமூணுன்னுதான் இருக்கு, கண்ணால பாக்குறா, அப்பறமும் கேக்குறா. இப்ப அவ காலையில படிக்கிறதக் கேட்டீங்கன்னா ஒங்களுக்கே தாங்காது. ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு தடவ படிப்பா. "நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். நான்கு, ஐந்து. நாப்பத்தஞ்சு." இப்பிடியே. அஞ்சு நிமிசத்துல முடியறது கால் மணி நேரம் ஆவுது. ஊருல ஒருத்தரும் மொனகல.

எங்கிட்ட மட்டும் நூறு தடவ கேட்டிருப்பா. தெனம் மத்தியானம் எனக்குக் கொழம்பு கொண்டாந்து வெப்பா, வெச்சிட்டுக் கேப்பா. நான் சொல்லுவேன், "நீ சரியாத்தாம்மா படிச்ச, எழுதி அனுப்புனவன் தப்பு." அவ, "ஆபீஸுல எப்பிடி மாமா தப்பா எழுதுவாங்க? அவ்வளவு மிஷினு வெச்சிருக்காங்க, நான் பாத்துட்டு வந்திருக்கேனே"ம்பா. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. ஏன் தப்பா எழுதினாங்க?

ம்.

ம். சொல்லுங்க.

சாட்டிலைட்டு மேலேர்ந்து மேகத்தப் பாக்கும், சரி. ஆனா கடல் மட்டத்துல காத்து எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு சூடுன்னு அங்கயே இருந்து பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும். அந்த ஆளுதான் இந்தப் போயா, ஒங்க போஸ்டர்ல இருக்கற மஞ்ச மிதவை. அது பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அனுப்பும். கரையில அதக் கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் புயலு எப்பிடி வளரும், எங்க திரும்பும்னு பாப்பாங்க. அது இல்லன்னா அந்த இடத்துல உத்தேசமாத்தான் போடணும்.

தெரியும்மா. செழியனும் இதத்தான் சொன்னான். இதே மாதிரித்தான் சொன்னான்.

எப்ப சொன்னானா? எப்பவோ. கோதை பயிற்சிக்குப் போயி வந்தப்ப படம் காட்டியிருப்பா போல.

சரி, நான் பாத்ததில்லன்னு சொன்னேன்ல, தூரத்துலேர்ந்து பாத்திருக்கேன். பாக்காம எப்பிடி, கடல்ல போறவன் கண்ண மூடிக்கிட்டா போவான். எங்க ஊருல மட்டுமில்ல, இந்தக் கடலோரத்துல நீங்க எந்தப் படகுல வேணும்னாலும் ஏறி ஜிபிஎஸ்ஸத் தொறந்து பாருங்க, அந்த எடம் குறிச்சு வெச்சிருக்கும். நாங்க அதுக்கு ரேஷன் கடைன்னு பேரு வெச்சிருக்கோம். ஏன்னா, போனா வெறுங்கையோட வர வேணாம். பத்து படகு வந்தா வரிசையில நிக்கும், ஒருத்தரு முடிச்சா அடுத்தவரு. சண்ட கெடையாது. சிரிக்காதீங்க, உண்மையத்தான் சொல்றேன்.

அது எப்பிடின்னா, நடுக்கடல்ல ஒரு பொருளு மாசக்கணக்குல மெதந்துச்சுன்னா அதுக்கடியில பாசி புடிக்கும். பாசிக்குப் பொடி மீனு வரும், நெழலுக்கு ஒதுங்கும். பொடி மீனுக்குச் சூரை வரும், சூரைக்குக் கேரை வரும். ஒங்க ஆளுங்கதான் கொண்டாந்து போட்டீங்க, மீனு தானா வந்து நின்னுக்கிச்சு. நாங்க மீனு இருக்கற எடத்துக்குப் போறோம். இதுல எங்க தப்பு என்ன இருக்கு? எரநூறு மைலு வெட்டவெளியா கெடக்கு, கரையோரம் மீனே இல்ல. நீங்க கரையிலேர்ந்து சொல்லுவீங்க, கிட்டப் போவாதன்னு.

அதுல படகக் கட்டறதா? ஆமா, கட்டுவோம். நங்கூரம் எட்டாது அந்த ஆழத்துல. எஞ்சினை ஓட்டிக்கிட்டே நின்னா டீசலு என்ன ஆவுறது? ஒரு கயித்த வீசி அதுல மாட்டிட்டு எஞ்சினை நிறுத்திட்டு தூண்டி போடுவோம். எல்லாரும் கட்டறாங்க. நான் மட்டுமா கட்டறேன். முன்னாடி ஒரு படகுக்காரன் அதுலேர்ந்த வெளக்கையே கழட்டிட்டுப் போயிட்டான், நான் அந்த மாதிரியெல்லாம் கெடையாது. ஒரு ஆணி எடுத்ததில்ல.

போன டிசம்பரு எட்டாந்தேதியா?

ஏம்மா எட்டாந்தேதின்னு கேக்குறீங்க?

நான் ஒண்ணும் மறைக்கல. எட்டாந்தேதி நாங்க அங்கதான் இருந்தோம். எங்க படகு. நான் ஓட்டுறேன், செழியன் இருந்தான், இன்னும் மூணு பேரு. விடிஞ்சு தூண்டி எறக்கினா, அம்மா, எங்க ஆயுசுல அப்பிடி ஒரு மீனு பாத்ததில்ல. ஒவ்வொண்ணும் இருவது கிலோ கேரை. இழுக்க ஆளு பத்தல. அன்னைக்கு வாட காத்து லேசா ஏறிக்கிட்டு இருந்துச்சு, அலை தூக்கித் தூக்கிப் போடுது. செழியன் மட்டும் ஆரம்பத்துலேர்ந்தே மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தான். "அண்ணே, இதுல கட்டாத. கோதை காலையில படிக்கிறது இதுலேர்ந்து வர்றதுதான். தள்ளி நின்னு புடிப்போம்." நான் சிரிச்சேன். "ஓம் பொண்டாட்டி கொரலு இதுக்குள்ளேர்ந்தா வருது, காத வெச்சுக் கேளு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனுக்குக் கோவம் சுருக்குன்னு வந்துரும், சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான். அவன் கோவந்தாம்மா எல்லாத்துக்கும் காரணம்.

பத்தரை மணி வாக்குல ஒரு பெரிய அலை. கயிறு சுண்டி இழுத்துச்சு, படகு மூக்கு போயி போயா மேல நின்ன கம்பத்துல இடிச்சிருச்சு. வேணும்னு இடிக்கல. கம்பம் முறிஞ்சு, அந்தக் கிண்ணமெல்லாம் ஒரு வயருல தொங்குது. அலைக்கு ஆடி ஆடி எங்க படகையே அடிக்குது. பலகை போயிரும்னு வயர அறுத்து விட்டோம். நான்தான் அறுத்தேன். ஒரு நிமிசம் மெதந்துச்சு, அப்பறம் போயிருச்சு. அதோட கயித்த அவுத்துட்டுத் தள்ளி வந்துட்டோம்.

செழியன் என்ன சொன்னான்னா, கரைக்குப் போனதும் கோதைகிட்ட சொல்லணும், அவ ஆபீஸுக்கு போன் பண்ணி இது ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிருவான்னான். நான் சொன்னேன், "போன் பண்ணினா படகு நம்பரு கேப்பான், லைசென்ஸு போயிரும், அஞ்சு குடும்பம் தெருவுல நிக்கும். வாய மூடிட்டு இரு. ஒம் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாது, இது அண்ணன் பேச்சு." கரை வர்ற வரைக்கும் ரெண்டு நாளு அவன் எங்கிட்ட பேசல.

பத்தாந்தேதி வந்து எறங்குனோம். மீன எறக்குனோம். அவன் அவகிட்ட சொல்லலம்மா. அண்ணன் சொல்லத் தட்ட மாட்டான்னு சொன்னேன்ல. மறுநாளு காலையில நான் டீக்கடையில நிக்கிறேன், ஸ்பீக்கர்ல கோதை படிக்கிறா. அவனும் நிக்கிறான், கடைக்கு அந்தப் பக்கம். படிச்சு முடிச்சதும் எப்பவும் சொல்ற கிண்டல அன்னைக்குச் சொல்லல. எம்மூஞ்சியப் பாத்தான். நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன். அப்பறம் பாத்தா வேற ஒருத்தரு படகுல பையத் தூக்கிப் போட்டு ஏறிட்டான். எங்கூட வர மாட்டான், கோவம். எங்க படகு அன்னைக்குக் கெளம்பல, ஐஸு இல்ல. கோவப்படாம இருந்திருந்தா எங்கூடக் கரையில இருந்திருப்பான். அததான் நான் சொல்றேன், அவன் கோவம்.

அது என்ன காயிதம்? எடுங்க. கண்ணாடி கொண்டாரல, நீங்களே சொல்லுங்க.

இது காத்தோட கோடா. இது அழுத்தம். இங்க வரைக்கும் ஏறி எறங்கிக் கோடு வருது. இங்க நின்னு போச்சு. டிசம்பரு எட்டு, காலையில பத்து நாப்பதுக்கு மேல ஒண்ணுமில்ல. அப்பறம் வெள்ளக் காயிதந்தான்.

பத்து நாப்பது. சரியா இருக்கு.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லணும். இந்தக் கோடு நிக்காம இருந்திருந்தா, பதினொண்ணாந்தேதிக் காயிதத்துல பன்னெண்டுன்னு எழுதியிருப்பாங்களா?

சொல்ல முடியாதா. எழுதியிருக்கலாமா. ஒரு போயாவ மட்டும் வெச்சு முடிவு பண்றதில்லயா. மத்த கணக்கும் சேத்துத்தானா. ஆனா அந்தப் பக்கத்துல இருந்தது அது ஒண்ணுதானா. முந்தியே தெரிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கா, அதுக்கு மேல சொல்ல முடியாதா.

என்னம்மா பதிலு இது. ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஆமான்னு சொன்னா நான் எதாச்சும் ஒரு முடிவுக்கு வந்துருவேன். இல்லன்னு சொன்னா இன்னைக்கு ராத்திரி தூங்குவேன். பதினோரு மாசமா நானும் இதத்தான் உருட்டிக்கிட்டு இருக்கேன், நீங்களும் இவ்வளவு படிச்சிட்டு வந்து இதையேதான் சொல்றீங்க. இருந்திருக்கலாம்னு. இருந்திருக்கலாம்னா நான் அத எங்க கொண்டுபோயி வெக்கறது?

கேட்டு தொறந்துட்டான். இனிமே பத்து நிமிசந்தான்.

அம்மா, ஒங்களுக்கு எந்தங்கச்சி வயசுதான் இருக்கும், கையெடுத்துக் கேக்குறேன். போஸ்டர ஒட்டுங்க. கூட்டம் போடுங்க, இனிமே யாரும் கட்டாதீங்கன்னு சொல்லுங்க, நானே முன்னாடி நின்னு சொல்றேன், எங்க ஊருல ஒருத்தன் கட்ட மாட்டான். ஆனா இந்தக் காயிதத்தக் கோதைகிட்ட காட்டாதீங்க. காட்டியே ஆவணும்னா, எட்டுன்னு இருக்கறத பன்னெண்டுன்னு மாத்திக் காட்டுங்க. புயல்லதான் ஒடஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. யாருக்கு என்ன நட்டம்? போனவன் போயிட்டான். அவளுக்கு எட்டாந்தேதின்னா தெரிஞ்சிரும், நாங்க பத்தாந்தேதி எவ்வளவு மீனோட வந்து எறங்குனோம்னு அவதான் மையத்துல எழுதி வெச்சா. செழியன் அன்னைக்கு ஏன் சாப்புடாமப் படுத்தான்னு எங்கிட்ட பல தடவ கேட்டிருக்கா. நான் ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

என்ன லெட்டரு?

அவ எழுதுனதா? ஒங்களுக்கா? கோதையா?

படிங்க. இல்ல, இருங்க, அவ எழுத்துதான் இது. மீன் கணக்கு எழுதுற நோட்டுல இதே எழுத்துத்தான் இருக்கும். படிங்க.

"பதினொன்றாம் தேதி அறிக்கையை வாசித்தது நான். நான் தவறாக வாசித்தேனா என்று தெரிய வேண்டும். என் கணவர் அதைக் கேட்டுத்தான் போனார். தவறு என்னுடையது என்றால் இனி நான் வாசிக்க மாட்டேன், வேறு ஆளை வையுங்கள். இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இங்கே எல்லோரும் எனக்கு ஆறுதல்தான் சொல்கிறார்கள். யாரும் பதில் சொல்லவில்லை."

எத்தன லெட்டரு எழுதியிருக்கா? நாலா. வானிலை ஆபீஸுக்கு எழுதி, அங்கேர்ந்து சுத்தி ஒங்ககிட்ட வந்துச்சா. அதனாலதான் நீங்களே நேருல வர்றீங்களா. போஸ்டரு ஒட்டறதுக்கு இல்ல.

அப்ப நீங்க அவகிட்ட, நீ சரியாத்தான் படிச்ச, அந்தப் பக்கம் இருந்த போயா மூணு நாளைக்கு முன்னாடியே நின்னு போச்சு, அதனால உத்தேசமா எழுதினாங்கன்னு சொல்லப் போறீங்க. இந்தக் கோட்டக் காட்டி. காட்டுனாத்தான் நம்புவா. நான் நூறு தடவ சொன்னேன், நம்பல. நான் எதையும் காட்டல.

இத அவளுக்குச் சொல்ல வேணாம்னு நான் ஒங்ககிட்ட இப்பக் கேட்டேன். கையெடுத்துக் கேட்டேன்.

அவ தெனம் ரெண்டு ரெண்டு தடவ படிக்கிறத நான் டீக்கடையில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருக்கும். பாவம் புள்ளன்னு எல்லாரோடயும் சேந்து நானும் தலையாட்டிக்கிட்டு நின்னேன். கொழம்பு நல்லா இருக்குன்னு சொல்லிருக்கேன்.

எங்க ஊருப் பாலம் தாண்டியாச்சு. இன்னும் ஒரு வளைவு.

மாத்தாதீங்க. எட்டுன்னே இருக்கட்டும். மொதல்ல அவகிட்ட, தப்பு ஒன்னோடது இல்லன்னு சொல்லிருங்க. வேற எதுவும் பேசறதுக்கு முன்னாடி அத. அப்பறம் அவ கேப்பா, எப்பிடி நின்னுச்சு, யாரு கட்டினதுன்னு. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் வந்து சொல்லிக்கிறேன். நான் பக்கத்துலயே நிக்கிறேன், எல்லாத்தையும் நானே சொல்லிடறேன். மூத்தவன் வேற யாரு இருக்கா சொல்றதுக்கு.

அதோ நிக்கிறா பாருங்க, கையில கொடையோட. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சு வந்து நிக்கிறா. தலையெல்லாம் வாரி, நல்ல பொடவையாக் கட்டிட்டு வந்திருக்கா. அவ இப்பிடி வந்து நின்னு எத்தன மாசம் ஆச்சு.

என்னையப் பாத்துட்டா. "எறங்குங்க மாமா"ன்னு கை காட்டுறா.

நீங்க போங்கம்மா. படியப் பாத்து எறங்குங்க. பைய நான் புடிச்சுத் தர்றேன், போஸ்டரு மடங்கிராம.

ஆமா கண்டக்டர் தம்பி, எங்க ஊருதான், தெரியுது. நீ ரைட்டு குடு. அடுத்த ஊருக்கு எனக்கு ஒரு டிக்கெட்டு போடு.